புது மொடல் வரும்வரை நிற்பதா, இப்போதே எடுப்பதா? வன்னியில் கப் வாகனம் வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பின்னால் திறந்த பெட்டி உள்ள கப் (பிக்கப்) வாகனம் எடுக்க நினைக்கும் பலர் இப்போது ஒரே கேள்வியில் தடுக்கி நிற்கிறார்கள். 2025 நவம்பரில் தாய்லாந்தில் புதிய டொயோட்டா ஹைலக்ஸ் அறிமுகமாகிவிட்டது. கனடாவில் இருக்கும் அண்ணா காணொளியைப் பார்த்துவிட்டு, "பழசை எடுக்காதை, புதுசு வரட்டும்" என்கிறார். விற்பனைக் கூடத்தில் நிற்கும் தம்பி, "இப்ப எடுக்காட்டி விலை கூடும் அண்ணை" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வயல் எந்தக் குளத்தின் கீழே இருக்கிறது, வாகனம் மாதத்தில் எத்தனை நாள் ஓடும், பழுதானால் யாரிடம் கொண்டுபோவீர்கள் என்பதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் வாகனம் எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் புது மொடல் என்பது நான்காவது கேள்வி. வேலை, வட்டி, கராஜ் என்ற மூன்றும் அதற்கு முன்னால் வருகின்றன. அந்த மூன்றையும் பார்த்து முடித்தால், நிற்பதா எடுப்பதா என்பது அனேகமாகத் தானாகவே தெளிந்துவிடும். நிற்பதுதான் சரி என்ற நிலைமைகளும் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறேன்.

முதல் படி: வாகனம் செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, போன காலபோகத்திலும் சிறுபோகத்திலும் நீங்கள் வாடகைக்குப் பிடித்த ஒவ்வொரு ஓட்டத்தையும் நினைவுக்கு வந்தவரை எழுதுங்கள். என்ன ஏற்றினீர்கள், எவ்வளவு பாரம், எந்தப் பாதை, எத்தனை பேர் கூடப் போனீர்கள். இந்தப் பக்கம் இல்லாமல் மொடலைப் பற்றிப் பேசுவது வீண்.

இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கப் வகைகள் பெரும்பாலும் ஒரு தொன் அளவு பாரம் தாங்கும் என்று சொல்லப்படுகிறது. அந்த ஒரு தொன்னுக்குள் ஆட்களும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து பேர் ஏறினால் சராசரி 65 கிலோ வைத்து 325 கிலோ போய்விடும். மிச்சம் 700 கிலோவும் இல்லை. 65 கிலோ நெல் மூடை என்றால் பத்து மூடை. அதற்கு மேல் ஏற்றுவதற்காகப் பின்னுக்கு ஸ்பிரிங் பட்டை கூட்டிக்கொள்வது நம்மிடையே வழக்கம். பட்டை கூடினால் வாகனம் தாழாமல் நிற்கும், ஆனால் பிரேக் பலம் பழைய அளவில்தான் இருக்கும். சசி என்ற அடிச்சட்டமும் ரயரும் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பாரம் ஏற்றுவதுதான் முதல் வேலை என்றால், டபுள் கப் உங்களுக்கான வாகனமா என்றே மறுபடி யோசிக்க வேண்டும்.

பின் பெட்டியின் நீளத்தையும் அளந்து பாருங்கள். டபுள் கப்பில் அது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். ஒரே வரிசை இருக்கை உள்ள சிங்கிள் கப்பில் இரண்டேகால் மீற்றருக்குக் குறையாது. தண்ணீர் பம்ப், மருந்தடிக்கும் மெஷின், ஆறேழு உரப்பை என்றால் ஒன்றரை மீற்றர் போதும். பிவிசி குழாய், கூரைத் தகரம், வலை என்றால் போதாது. விசுவமடுவில் மரக்கறி ஏற்றும் ஒருவருக்கும் கொக்கிளாயில் மீன் பெட்டி ஏற்றும் ஒருவருக்கும் சிங்கிள் கப் அல்லது பட்டா எனப்படும் ஒரு சின்ன லொறியே நல்ல பதிலாக இருக்கலாம். வீட்டுப் பிள்ளைகளை மழைக்காலத்தில் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோக வேண்டும், கூடவே அரைத் தொன் சாமானும் ஏற்ற வேண்டும் என்றால்தான் டபுள் கப்புக்கு உண்மையான நியாயம் வருகிறது.

நாலு சில்லும் இழுக்கும் வகை வேண்டுமா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள், ஏனென்றால் விலையில் அது பெரிய வித்தியாசம். கிரவல் வீதிக்கு நல்ல ரயரும் உயரமும் போதும். வயலுக்குள் சேற்றில் இறங்குவது உழவு இயந்திரத்தின் வேலை. அது வீட்டிலோ அயலிலோ இருந்தால், வருடத்தில் மூன்று நான்கு கிழமைத் தேவைக்காக நாலு சில்லு இழுவைக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. மாறாக, ஐப்பசி கார்த்திகையில் வீதி மூடிப்போகும் துணுக்காய், நெடுங்கேணி உட்கிராமங்களில் இருப்பவர்களுக்கு அது ஆடம்பரம் அல்ல.

இந்தப் படியிலேயே சிலருக்குக் கேள்வி முடிந்துவிடும். உங்களுக்குத் தேவை ஒரு பட்டாவோ சிங்கிள் கப்போ என்றால், டபுள் கப்பின் புது முகத்துக்காக நிற்பதில் அர்த்தமே இல்லை.

இரண்டாம் படி: நிற்பதற்கு என்ன செலவு, எடுப்பதற்கு என்ன செலவு

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். "நின்றால் நட்டம்" என்று விற்பவர் சொல்வதும் "நின்றால் லாபம்" என்று அண்ணா சொல்வதும் உங்கள் ஓட்டக் கணக்கைப் பொறுத்து மாறும்.

ஒரு உதாரணம். எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் காசு போக 60 இலட்சம் லீசிங் எடுக்கிறீர்கள், வருட வட்டி 14 வீதம், ஐந்து வருடம். மாதக் கட்டணம் ஏறத்தாழ ஒரு இலட்சத்து 39,600 ரூபா. ஐந்து வருடத்தில் மொத்தம் 83 இலட்சத்து 77 ஆயிரம் வரை கட்டுவீர்கள். அதாவது வட்டி மட்டும் 23 இலட்சத்து 77 ஆயிரம். நான்கு வருடமாகக் குறைத்தால் மாதக் கட்டணம் ஒரு இலட்சத்து 64 ஆயிரம், ஆனால் மொத்தத்தில் ஐந்து இலட்சம் மிஞ்சும். ஐந்து வருட லீசிங்கின் முதல் வருடத்தை மட்டும் பார்த்தால், நீங்கள் கட்டுவதில் ஏறத்தாழ 7 இலட்சத்து 84 ஆயிரம் வட்டிக்கே போகிறது. மாதத்துக்கு 65,000 ரூபா.

இப்போது வாடகைப் பக்கம். ஒரு ஓட்டத்துக்கு 6,000 ரூபா வாடகை கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். அதே ஓட்டத்தைச் சொந்த வாகனத்தில் போனால் டீசலுக்கு 2,500. ஆக ஓட்டம் ஒன்றுக்கு மிச்சம் 3,500. மாதம் எட்டு ஓட்டம் என்றால் 28,000 ரூபா மிச்சம். வட்டியோ 65,000. காப்புறுதி, ரயர், சேர்விஸ், வாகனத்தின் விலை இறங்குவது எல்லாம் இன்னும் சேர்க்கவில்லை. இவர் நின்றால் நட்டம் இல்லை. புது மொடல் வருகிறதோ இல்லையோ, இவர் இன்னும் இரண்டு போகம் வாடகைக்கே பிடித்துக்கொண்டு கைக்காசைக் கூட்டுவது நல்லது.

மாதம் 25 ஓட்டம் ஓடும் ஒருவரைப் பாருங்கள். அவருக்கு மிச்சம் 87,500. வட்டியைத் தாண்டிவிட்டது. இவர் ஒன்றரை வருடம் காத்திருந்தால் ஒவ்வொரு மாதமும் கையில் இருந்து காசு போகும். இந்த எண்களில் வட்டியை ஈடுகட்டும் எல்லை மாதம் 19 ஓட்டம். அதற்குக் கீழே அவசரம் தேவையில்லை. அதற்கு நன்றாக மேலே என்றால் காத்திருப்பு விலை உயர்ந்தது.

கணக்கில் அடங்காத தேவைகளும் உண்டு. வீட்டில் வருத்தக்காரர் இருக்கிறார், இரவில் மல்லாவியில் இருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வாகனம் கிடைக்காது என்றால், அந்த நிம்மதிக்கு நீங்கள் ஒரு விலை வைக்கலாம். வையுங்கள். ஆனால் அதை மாதம் இவ்வளவு ரூபா என்று கொப்பியில் எழுதி வையுங்கள், மனதில் மட்டும் வைத்திருந்தால் அது எல்லாக் கணக்கையும் விழுங்கிவிடும்.

இன்னொன்று, எவ்வளவு லீசிங் கிடைக்கும் என்பதற்கு மத்திய வங்கி உச்ச எல்லை வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் வர்த்தக வாகனங்களுக்கு வாகனப் பெறுமதியில் 80 வீதம், கார் வகைகளுக்கு 60 வீதம் என்று அறிவித்தார்கள். இந்த வீதங்கள் மாறக்கூடியவை. நீங்கள் பார்க்கும் வாகனம் எந்த வகுப்புக்குள் வருகிறது, இன்றைய எல்லை எவ்வளவு என்று லீசிங் கொம்பனியிடம் கேட்டுவிட்டே கைக்காசைக் கணக்கிடுங்கள்.

மூன்றாம் படி: "புதுசு" என்றால் எது புதுசு என்று பிரித்துப் பாருங்கள்

கப் வாகனங்களில் முழு மாற்றம் எட்டு முதல் பதினொரு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஹைலக்ஸ் 2004இல் மாறியது, பிறகு 2015இல், பிறகு 2025இல். மிட்சுபிஷி எல்200 2005, 2014, 2023. இசுசு டி-மக்ஸ் 2002, 2011, 2019. இடையில் நான்கைந்து வருடத்தில் முகப்பு, விளக்கு, உள் அலங்காரம் மட்டும் மாறும் ஒரு சின்ன மாற்றம் வரும்.

ஆனால் முழு மாற்றம் என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 ஹைலக்ஸின் முகமும் உள்ளும் முற்றாக மாறிவிட்டன, ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குகிறது, பற்றரியில் மட்டும் ஓடும் ஒரு வகையும் வந்திருக்கிறது. ஆனால் டீசல் வகையில் இருப்பது ஏற்கனவே தெரிந்த அதே 2.8 லீற்றர் இயந்திரம், சசியும் பழைய வழிவந்ததே. டி-மக்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2024இன் இறுதியில் தாய்லாந்தில் 1.9 லீற்றர் இயந்திரத்தை எடுத்துவிட்டு 2.2 லீற்றர் வைத்தார்கள், வெளித்தோற்றத்தில் அதே வாகனம். வேலைக்காக வாங்குபவருக்கு இந்த இரண்டில் பெரிய மாற்றம் இரண்டாவதுதான். முகத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் முதலாவதற்காக நிற்பார்.

ஆகவே புது மொடல் பற்றி யார் என்ன சொன்னாலும் இந்த ஐந்தை மட்டும் கேளுங்கள்: இயந்திரம் மாறியதா, கியர்பெட்டி மாறியதா, சசியும் ஸ்பிரிங்கும் மாறினவா, பிரேக்கும் பாதுகாப்பும் மாறினவா, பாரத் திறன் கூடியதா. ஐந்துக்கும் "இல்லை" என்றால் அது காத்திருக்கத் தகுந்த மாற்றம் அல்ல.

இவற்றில் பாதுகாப்புக்கு நான் தனி இடம் கொடுப்பேன். இரவில் ஏ9இலும் ஏ35இலும் ஓடியவர்களுக்குத் தெரியும், வளைவில் கட்டாக்காலி மாடு படுத்திருக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நிற்கும். சடுதியாக ஸ்டியரிங்கை ஒடித்தால் வெறும் பெட்டியோடு ஓடும் கப் வாகனம் பின்பக்கம் வழுக்கித் தடம் புரளும். வழுக்கும்போது சில்லுகளைத் தனித்தனியாகப் பிடித்து வாகனத்தை நேராக்கும் கட்டுப்பாடு, போதிய காற்றுப்பைகள், நல்ல விளக்கு என்பவை அந்த ஒரு இரவுக்கானவை. நீங்கள் எடுக்க நினைக்கும் பழைய மொடலில் இவை இல்லை, புதியதில் இருக்கின்றன என்றால், அதற்காக நிற்பதை நான் முழு மனதோடு ஆதரிப்பேன். அதே பழைய மொடலின் உயர் வகையில் இவை ஏற்கனவே இருக்கின்றனவா என்றும் பாருங்கள், பல தடவை இருக்கும்.

நான்காம் படி: அது நம் கைக்கு எப்போது வரும்

தாய்லாந்தில் அறிமுகமாவதும் கிளிநொச்சியில் கிடைப்பதும் ஒரே நாள் அல்ல. இடையில் இறக்குமதி விதி, வரி, டொலர் என்று மூன்று மதகுகள் இருக்கின்றன, மூன்றும் நம் கையில் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஏறத்தாழ ஐந்து வருடம். இந்த ஐந்து வருடத்துக்குள் வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள்: போர்ட் ரேஞ்சர் 2022இல் மாறி விற்பனைக்கு வந்தது, எல்200 2023இல் புதிய சசியோடு மாறியது, 2019இன் இறுதியில் மாறிய டி-மக்ஸும் நமக்கு எட்டாமலே இருந்தது. ஆகவே நமக்குப் "புதுசு" என்று தெரியும் பலவும் வெளிநாட்டில் பல வருடம் ஓடி, குறைகள் தெரியவந்து, திருத்தப்பட்டவை. நீங்கள் எதிர்பார்த்து நிற்கும் புது மொடல் ஏற்கனவே வந்துவிட்டிருக்கலாம். முழு மாற்றத்தின் வாசலில் இப்போது நிற்பவை ஹைலக்ஸும், 2025இன் இறுதியில் அவுஸ்திரேலியாவுக்கு என்று மாற்றி அறிவிக்கப்பட்ட நிசான் நவாராவும்தான். இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பேன் என்பவருக்கே "நிற்பதா" என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது. மற்றவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

வரியைப் பற்றி ஒன்று மட்டும். இறக்குமதி வாகனத்தின் விலையில் சுங்க வரி, உற்பத்தி வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும், ஒன்றரை வருடம் சேர்த்த காசின் கணக்கு மாறிவிடும். 2022இல் ரூபா ஒரு டொலருக்கு 200 அளவில் இருந்து 360ஐத் தாண்டியதை நாம் எல்லோரும் கண்டோம். இந்த இரண்டும் உங்களுக்குச் சாதகமாக மாறும் என்று நம்பி நிற்பது திட்டம் ஆகாது. புது மொடல் சிறந்தது என்பதற்காக நிற்கலாம், மலியும் என்பதற்காக நிற்காதீர்கள்.

ஐந்தாம் படி: கராஜுக்கும் டீசலுக்கும் போய்க் கேளுங்கள்

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் வாகனமும் ஓட்டிய மண் இது. நம் மெக்கானிக்மாரின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இன்றைய டீசல் இயந்திரம் கைத்திறனால் மட்டும் ஓடுவதில்லை. எரிபொருளை மிக உயர்ந்த அழுத்தத்தில் பீச்சும் இன்ஜெக்டர்கள், அவற்றை ஆளும் கணினி, புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி எல்லாம் சேர்ந்த ஒன்று அது. அதன் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் யாரிடம் இருக்கிறது என்பதே உங்கள் வாகனம் எத்தனை நாள் முற்றத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும்.

நீங்கள் வழக்கமாகப் போகும் கராஜுக்கு ஒரு பின்னேரம் போய் மொடலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் சுற்றி வளைக்க மாட்டார். "தம்பி, பழைய மொடல் எண்டால் கிளச் தட்டு, பெல்ட், பில்டர் எல்லாம் வவுனியாவிலை உடனை எடுக்கலாம். புதுசு எண்டால் கொழும்புக்குச் சொல்லி விட்டுட்டு நீங்களும் நானும் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான்" என்ற மாதிரி ஒரு பதில் வரும். அறுவடை நேரத்தில் அப்படி நிற்கும் ஒரு கிழமை எவ்வளவு பெறுமதி என்று இரண்டாம் படிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்விளக்கு, பக்கக் கண்ணாடி, பம்பர் போன்றவை முகம் மாறும்போது முதலில் மாறுவதால், இங்கே கிடைக்கப் பிந்துவதும் அவைதான். மாட்டில் மோதினால் முதலில் உடைவதும் அவையே.

முதல் தொகுதியில் அவசரப்பட்டு வாங்குவதைப் பற்றி ஒரு உண்மைச் சம்பவம். 2015இல் ஹைலக்ஸ் முழுதாக மாறி புதிய டீசல் இயந்திரத்தோடும் கரி வடிகட்டியோடும் வந்தது. வேகமாகத் தொடர்ந்து ஓடும்போது அந்த வடிகட்டி தன்னைச் சரியாகச் சுத்தம் செய்துகொள்ளவில்லை என்று அவுஸ்திரேலியாவில் வழக்குப் போட்டார்கள். 2015 ஒக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையில் அங்கே விற்ற 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சுனர் வாகனங்களில் அந்தக் குறை இருந்ததாக 2022இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உலகம் முழுக்க உறுதிக்குப் பெயர்போன வாகனம் அது. அதற்கே புது வடிவமைப்பின் முதல் வருடங்கள் அப்படிப் போயின. பழைய வடிவமைப்பின் கடைசித் தொகுதி பல தடவை அந்த வடிவமைப்பிலேயே மிகச் சிறந்த தொகுதி, ஏனென்றால் கண்டுபிடிக்கப்பட்ட குறைகள் அதற்குள் திருத்தப்பட்டிருக்கும்.

டீசல் விஷயம் இதோடு ஒட்டியது. கரி வடிகட்டி உள்ள வாகனங்களுக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். நம் நாட்டில் அது சுப்பர் டீசல். உங்கள் ஊருக்குக் கிட்டிய எரிபொருள் நிலையத்தில் சுப்பர் டீசல் எப்போதும் இருக்கிறதா, கிழமையில் சில நாள் மட்டுமா என்று போய்க் கேளுங்கள். சாதாரண டீசலை ஊற்றி ஓடினால் வடிகட்டி அடைபடும். அதோடு, வயலுக்கும் வீட்டுக்கும் இடையே ஐந்து கிலோமீற்றர் மட்டும் ஓடும் வாகனத்தில், கரியை எரித்துத் தள்ளும் அளவுக்கு அந்த வடிகட்டி சூடேற நேரம் கிடைக்காது. குறுகிய ஓட்டம்தான் அதிகம் என்றால், வடிகட்டி இல்லாத எளிய இயந்திரம் கொண்ட வகை கிடைக்குமா என்று தேடுவது புத்திசாலித்தனம். புது மொடல்கள் இந்த விஷயத்தில் எளிமையாகப் போவதில்லை, இன்னும் சிக்கலாகத்தான் போகின்றன.

ஆறாம் படி: போகத்தைப் பார்த்துக் காசை ஒழுங்குபடுத்துங்கள்

காலபோக நெல்லுக் காசு மாசி பங்குனியில் கைக்கு வரும். லீசிங்கின் முதல் சில கட்டணங்கள் அதில் இருந்து போகும்படி பார்த்து எடுங்கள். புரட்டாதி ஐப்பசியில் விதைப்புச் செலவும் உரச் செலவும் கழுத்தை நெரிக்கும்போது புதுக் கட்டணத்தைத் தொடங்க வேண்டாம். சில லீசிங் கொம்பனிகள் விவசாயிகளுக்குப் போகத்துக்கு ஏற்றபடி கட்டணத்தை அமைத்துக் கொடுக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

ஏழாம் படி: முடிவெடுங்கள்

சரி, கொப்பியில் இப்போது போதுமான விவரம் இருக்கும். நான் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன்.

ஓட்டம் அதிகம், வட்டியை ஈடுகட்டுகிறது, கராஜுக்கு அந்த மொடல் பழக்கம், பாதுகாப்பு அம்சங்கள் இருக்கின்றன என்றால் இப்போதே எடுங்கள். புது மொடல் அடுத்த மாதம் துறைமுகத்தில் இறங்கினாலும் உங்கள் முடிவு பிழையாகாது. இறங்கப்போகும் மொடலைக் காட்டி இருக்கும் மொடலில் விலை குறைக்கக் கேட்கலாம். கையிருப்பைத் தீர்க்க விரும்பும் விற்பனையாளர் விலையில் இல்லாவிட்டாலும் சேர்விஸ், காப்புறுதி, பெட்டிக்கு உள்விரிப்பு என்று ஏதாவது தருவார்.

ஓட்டம் எல்லைக்குக் கீழே, அல்லது கைக்காசு போதாமல் ஏழு வருட லீசிங் கேட்க வேண்டியிருக்கிறது என்றால் நில்லுங்கள். புது மொடலுக்காக அல்ல, உங்கள் காசுக்காக. அந்தக் காலத்தில் புது மொடல் வந்து, பாகங்களும் கராஜும் பழகிவிட்டால் அது உங்களுக்கு ஒரு கூடுதல் நன்மை.

கையில் இருக்கும் பழைய வாகனம் இன்னும் ஓடுகிறது, நீங்கள் பார்ப்பது ஹைலக்ஸ் அல்லது நவாரா, அவசரம் இல்லை என்றால் நிற்கலாம். ஆனால் புது மொடல் இங்கே வந்த முதல் நாளில் வாங்காதீர்கள். நம்மூரில் நான்கைந்து வாகனம் ஒரு மழைக்காலத்தைக் கடக்கட்டும்.

வெளிநாட்டில் இருந்து காசு வருகிறது, அந்த அண்ணா அல்லது மாமா புது மொடல்தான் வேண்டும் என்று நிற்கிறார் என்றால், அவருக்கு இந்தக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். தூரத்தில் இருப்பவர் நல்லதையே நினைக்கிறார், விவரம் கையில் கிடைத்தால் அவரும் சரியாகவே முடிவெடுப்பார். அப்புறம், மாதக் கட்டணத்தில் அவர் பங்கு எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்பதையும் அதே பேச்சில் தெளிவாக்கிவிடுங்கள்.

பாவித்த வாகனமும் ஒரு வழி. முழு மாற்றம் வந்தபின் பழைய வடிவமைப்பை வைத்திருப்பவர்களில் சிலர் விற்பார்கள். நம் பக்கம் அந்த விலை இறக்கம் மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் நெல்லோடும் மீனோடும் ஓடும் வாகனத்தை யாரும் முகத்துக்காக விற்பதில்லை. மீன் ஓட்டம் ஓடிய வாகனத்தில் பெட்டியின் அடித்தகட்டையும் சசியின் பின்பகுதியையும் கீழே படுத்துப் பாருங்கள், ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் அங்கேதான் தின்னும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டின் பல இடங்களில் வெள்ளம் நின்றது. தண்ணீரில் மூழ்கிய வாகனத்தைக் கழுவி விற்றால் வெளியே தெரியாது. இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், தரைவிரிப்பைத் தூக்குங்கள், இருக்கைக்குக் கீழே உள்ள வயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

எட்டாம் படி: பத்திரம்

புது வாகனத்துக்கு விலை மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: விலை எந்தத் திகதிவரை செல்லும், இடையில் வரியோ டொலரோ மாறினால் கூடுதலை யார் ஏற்பது, வாகனம் எப்போது கைக்கு வரும், பிந்தினால் முற்பணம் முழுதாகத் திரும்புமா. வாய்ப்பேச்சில் "பிரச்சினை இல்லை" என்று சொன்னது எதுவும் கணக்கில் வராது. உற்பத்தியான வருடமும் மாதமும் எழுதச் சொல்லுங்கள், புது மொடல் வரும் தறுவாயில் பழைய மொடல் எவ்வளவு காலம் முற்றத்தில் வெயில் காய்ந்தது என்று அப்போதுதான் தெரியும்.

பாவித்த வாகனம் என்றால் பதிவுப் புத்தகத்தில் (புக்) இருக்கும் வகுப்பைப் பாருங்கள். லொறியாகப் பதிந்தது என்றால் வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும், ஆட்களும் சாமானும் ஏற்றும் இரட்டைப் பாவனை வாகனம் என்றால் நடைமுறை வேறு. முழு உரித்தாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்க வேண்டாம். சசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் புக்கோடு ஒப்பிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைச் சரிபாருங்கள். பெயர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் கைமாறிய வாகனம் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். முன்னைய உரிமையாளர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ அந்தப் பெயரை மாற்றுவதற்குள் நீங்கள் மிச்சம் பிடித்த காசு அலைச்சலில் போய்விடும்.

வாகனத்தை எடுக்கும் நாளில் உங்கள் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நீங்களே போடுங்கள். பிறகு ஆறு ஏழு பேரின் பாரத்துக்குச் சமமான சாமானை ஏற்றி, தார் வீதியிலும் கிரவலிலும் ஓட்டிப் பார்த்து, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்த பிறகே மிச்சக் காசைக் கொடுங்கள்.